பிளேட்டில் பூஞ்சணம், பெயர் வரவில்லை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பு ஆய்வுகூடங்களில் பங்கசு மேசையில், அதாவது நோயாளியின் மாதிரியில் வளரும் பூஞ்சணத்துக்குப் பெயர் கண்டுபிடிக்கும் இடத்தில், வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பக்டீரியாவுக்கு இயந்திரம் பெயர் சொல்லிவிடும். பூஞ்சணத்துக்குப் பல ஆய்வுகூடங்களில் இன்னும் கண்தான் சொல்ல வேண்டும். கண் தடுமாறும் இடங்களும் புதியவை அல்ல, அதே சிக்கல்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தருகிறேன். செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். பெயர் தவறுவது பெரும்பாலும் பூஞ்சணம் முற்றுவதற்குள் நாம் அவசரப்படுவதால்தான். ஆகவே படப்புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் இங்கே சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள்.

மூடியைத் திறப்பதற்கு முன்

பூஞ்சணம் எதுவானாலும் பாதுகாப்புக் கெபினட்டுக்குள் வைத்தே திறக்க வேண்டும். பிளேட்டை முகர்ந்து பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விடட்டும்.

இரண்டு சந்தர்ப்பங்களில் திறக்கவே வேண்டாம். சுற்றிவர டேப் ஒட்டி மூடிவிட்டு நுண்ணுயிரியல் நிபுணருக்குச் சொல்லுங்கள்.

ஒன்று, என்பு மச்சை, நிணநீர்க் கணு, சளி போன்ற மாதிரியிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேல் எடுத்து மெதுவாக வந்த வெள்ளை அல்லது மங்கல் பழுப்புக் கொலனி. நோயாளிக்கு எதிர்ப்புசக்தி குறைவு என்று படிவத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். அது ஹிஸ்டோபிளாஸ்மா என்ற ஆபத்தான பூஞ்சணமாக இருக்கலாம். அதற்கு சிலைட் வளர்ப்பு (அறிகுறி 4இல் வரும்) போடவே கூடாது. அது மூன்றாம் நிலைப் பாதுகாப்புள்ள இடத்து வேலை.

இரண்டு, மூளைச் சீழிலிருந்து வந்த ஒலிவ் அல்லது கறுப்பு நிறக் கொலனி. காரணம் கீழே வரும்.

அறிகுறி 1: நேரடிப் பார்வையில் இழை இருந்தது, பிளேட்டில் ஒன்றும் வரவில்லை

கே.ஓ.எச் (பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் கரைசல்) சிலைட்டில் இழை, அதாவது பூஞ்சணத்தின் நூல்போன்ற உடல், இருப்பதாக அறிக்கை போய்விட்டது. இரண்டு வாரமாகியும் பிளேட் வெறுமையாகவே கிடக்கிறது. வார்ட்டிலிருந்து, "மிஸ், பங்கசு இருக்கா இல்லையா?" என்று அழைப்பு வருகிறது.

*பார்த்தது இழைதானா?* சிலைட் இன்னும் இருந்தால் மறுபடி பாருங்கள். துணி நூலுக்குப் பிரிசுவர் (குறுக்குச் சுவர்) இராது, தடிப்பு இடத்துக்கிடம் மாறும், முனை பிய்ந்திருக்கும். தோல் கலங்களின் எல்லைக்கோடுகளும் வலைபோல் சேர்ந்து ஏமாற்றும். கலத்தின் விளிம்பை ஒட்டியே ஓடுகிறதென்றால் அது இழை அல்ல. உண்மையான இழை கல எல்லைகளை வெட்டிக்கொண்டு போகும், கிளைவிடும். நகம் என்றால் 10 வீதக் கரைசலில் அரைமணி நேரம் போதாது. 20 வீதத்தில் இரவு முழுக்க ஊறட்டும்.

*மருந்து பூசியிருந்தார்களா?* இதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பூஞ்சண எதிர்ப்புக் களிம்பு பூசிய தோலில் இழை தெரியும், ஆனால் வளராது. மருந்தை நிறுத்தி இரண்டு வாரமளவில் இடைவெளி விட்டு மறுமாதிரி கேளுங்கள். தோலுக்கும் நகத்துக்கும் மட்டும்தான் இந்தப் பொறுமை. கண்ணுக்கோ ஆழ்ந்த இழையத்துக்கோ (திசுவுக்கோ) காத்திருக்கக் கூடாது.

*எந்த ஊடகத்தில் போட்டீர்கள்?* இந்த அறிகுறிக்கு நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். தோல், நகம் என்றதும் பலர் சைக்ளோஹெக்சிமைட் (பல பூஞ்சணங்களை அடக்கும் மருந்து) சேர்த்த சபரோ ஊடகக் குழாயில் மட்டும் போட்டுவிடுகிறார்கள். படைப் பூஞ்சணங்கள் அதில் நன்றாக வளரும். ஆனால் அஸ்பர்ஜிலஸ் இனங்கள் பல, பியூசேரியம், மியூக்கர் வகையறா எல்லாம் அதில் அடங்கிவிடும். நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில் நகத்திலும் காலிலும் வரும் நியோசைட்டலிடியமும் அப்படியே. நேரடிப் பார்வையில் அது படைப் பூஞ்சணம்போலவே தெரியும், அந்தக் குழாயிலோ சுத்தமாக வராது. அதையே பக்டீரியாவை மட்டும் தடுக்கும் குளோரம்பெனிகோல் போட்ட பக்கத்துக் குழாயில் இட்டால் சில நாளிலேயே சாம்பல் கறுப்பாக நிரம்பிவிடும். எந்த மாதிரியானாலும் இரண்டு குழாய் போடுங்கள், ஒன்றில் சைக்ளோஹெக்சிமைட் இல்லாமல். கூடுதல் செலவு ஒரு குழாய் மட்டுமே.

*இழையத்தை அரைத்தீர்களா?* மியூக்கர் வகை இழைகளுக்குப் பிரிசுவர் அரிது. அரைத்தால் முழு இழையும் செத்துவிடும். பயொப்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி ஏகாரில் (களிபோன்ற ஊடகத்தில்) மெதுவாக அழுத்துங்கள்.

*வெப்பநிலை என்ன?* புத்தகம் சொல்லும் அறை வெப்பநிலை 25 பாகை. கொழும்பில் பகலில் ஏ.சி ஓடும்போது மேசை 22இல் இருக்கும், மாலையில் நிறுத்திவிட்டுப் போனால் 30ஐத் தொடும். அறை வெப்பநிலையில் வைத்தோம் என்று எழுதுவதில் அர்த்தமில்லை. 30 பாகையில் ஒரு இன்கியுபேற்றர் வையுங்கள், உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். பிளேட் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு வாரம் வைக்க வேண்டியதைப் பிளேட்டில் அல்லாமல் திருகுமூடிக் குழாயில் வைப்பது நல்லது.

*எப்போது நிபுணர்?* கருவிழி, மூக்குக்குழி, நுரையீரல் அல்லது மூளை மாதிரியில் இழை தெளிவாகத் தெரிந்து வளர்ப்பு வராவிட்டால் உடனே. மிச்ச இழையத்திலிருந்து டி.என்.ஏ எடுத்துப் பார்ப்பதுதான் அடுத்த படி. இழையம் முழுவதும் போமலினில் போகும் முன்னரே அதைக் கேட்டு வைக்க வேண்டும்.

அறிகுறி 2: எல்லாப் பிளேட்டிலும் ஏதோ முளைக்கிறது

முதலில் கோடு பாருங்கள். மாதிரி இட்ட கோட்டின் மேல் வளர்ந்திருக்கிறதா, கோட்டுக்கு வெளியேயா? கண்ணிலிருந்து சுரண்டிய மாதிரியை நாங்கள் பிறை வடிவக் கோடுகளாக இடுவது இதற்காகத்தான். கோட்டின் மேல் இரண்டு மூன்று இடத்தில் ஒரே வகை வந்தால் அதை மதிக்க வேண்டும். ஓரத்தில் தனியாக நிற்கும் ஒன்று பெரும்பாலும் காற்றில் விழுந்தது.

அடுத்து, மாதிரி இடாத வெறும் பிளேட் ஒன்றை அதே தொகுதியிலிருந்து எடுத்து இன்கியுபேற்றரில் வையுங்கள். இன்னொன்றை மேசையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து மூடுங்கள். முதலாவதில் வளர்ந்தால் ஊடகம் தயாரித்த இடத்தில் பிழை. இரண்டாவதில் மட்டும் என்றால் காற்றில். ஏ.சியின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். மழைக்காலத்தில் அதுதான் முதல் சந்தேக நபர். பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் அஸ்பர்ஜிலஸ் கூடும். அட்டைப்பெட்டிகளை வளர்ப்பறைக்குள் அடுக்காதீர்கள்.

சிக்கல் பிளேட்டுக்குப் பிளேட் நகர்கிறதா? வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஓரத்திலிருந்து உள்ளே வளைந்து வரும் புள்ளிப் புள்ளியான சின்னக் கொலனிகள் தெரிந்தால் கைவில்லை எடுங்கள். அது சிற்றுண்ணி நடந்த தடம். ஒரு வளர்ப்பில் தின்றுவிட்டு அடுத்ததுக்குப் போகும்போது உடம்பில் ஒட்டிய வித்திகளை வழிநெடுக உதிர்த்துவிட்டுப் போகும். ஈரக்காலத்தில் பழைய வளர்ப்புகளைக் குவித்து வைக்கும் ஆய்வுகூடங்களில் இது வரும். தடம் கண்ட பிளேட்டுகளை உடனே ஒட்டோகிளேவில் போடுங்கள், தட்டுகளை மதுசாரத்தால் துடையுங்கள், சேமிக்க வேண்டிய வளர்ப்புகளைக் குளிர்சாதனப்பெட்டிக்கு மாற்றுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. சாதாரணமாகக் கிருமி இருக்கக் கூடாத இடத்து மாதிரி, அதாவது முள்ளந்தண்டு நீர், மூட்டு நீர், கண்ணின் உட்பகுதி போன்றவற்றில் ஒரேயொரு கொலனி வந்தாலும் 'மாசு' என்று எழுதி எறிந்துவிடாதீர்கள். 2005இல் கொழும்பில், சிசேரியனுக்காக முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி ஏற்றப்பட்ட 5 தாய்மாருக்கு அஸ்பர்ஜிலஸ் மூளை மென்சவ்வு அழற்சி வந்தது. சுனாமிக்குப் பிந்திய அந்தக் காலத்தில் சரியாகக் களஞ்சியப்படுத்தப்படாத சிரிஞ்சுகள் வரை தேடல் போனது. அத்தகைய மாதிரியில் பூஞ்சணம் வந்தால் முதலில் தொலைபேசி, பிறகு மறுமாதிரி, அதன் பிறகுதான் விவாதம்.

அறிகுறி 3: வெள்ளைப் பஞ்சாகவே நிற்கிறது, வித்தி இல்லை

சிலைட்டில் இழை மட்டும்தான், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதிகம் பேர் கையைவிரிக்கும் இடம் இது. பெரும்பாலும் கையைவிரிக்கத் தேவையில்லை.

*வயது.* நான்கு நாளில் வெள்ளையாக இருப்பது ஏழாம் நாளில் நிறம் பிடிக்கலாம். கொலனியின் நடு முதலில் முற்றும், ஓரம் இளசாகவே இருக்கும். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட வளையத்திலிருந்து எடுத்துப் பாருங்கள்.

*ஊடகம்.* சபரோவில் சீனி அதிகம். பூஞ்சணம் வளர்ந்து கொழுக்குமே தவிர வித்தி போட அவசரப்படாது. உருளைக்கிழங்கு டெக்ஸ்ரோஸ் ஏகாருக்கு மாற்றுங்கள். அதிலும் வராவிட்டால் இன்னும் பட்டினி போடுங்கள்: சோளமா ஏகார், அல்லது வெறும் நீர் ஏகார். நீர் ஏகாரின் மேல் கிருமியழித்த புல் அல்லது இலைத்துண்டு ஒன்றை வைப்பது பழைய முறை, ஆனால் பலன் தரும். குறிப்பாக லேசியோடிப்ளோடியாவுக்கு. வாழைக்குலையையும் மாங்காயையும் அழுகவைக்கும் அதே பூஞ்சணம் விவசாயிகளின் கருவிழியிலும் வரும். ஏகாரில் வாரக்கணக்காக வெறும் சாம்பல் பஞ்சாக நிற்பது, இலையின் மேல் கறுத்த உருண்டைகள் போட்டு அதற்குள் வித்திகளை வைத்திருக்கும்.

*ஒளி.* இன்கியுபேற்றரின் இருட்டிலிருந்து எடுத்து, பகல் ஒளி படும் மேசையில் சில நாள் வையுங்கள். நேர் வெயில் வேண்டாம்.

*கொளுவி பாருங்கள்.* எல்லாம் செய்தும் இழை மட்டும்தான் என்றால், எண்ணெய் வில்லையில் பிரிசுவர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரிசுவரின் பக்கத்தில் ஒரு சிறு வளைந்த பாலம் ஒரு கலத்தையும் அடுத்த கலத்தையும் இணைத்தால் அது காளான் குடும்பம். சளியிலும் மூக்குக்குழியிலும் வரும் ஸ்கிசோபில்லம் கொம்யூன் அதில் ஒன்று; இழையின் பக்கங்களில் நுண்ணிய முட்களும் இருக்கும்.

*இழை அகலமா, பிரிசுவர் அரிதா?* அப்படியென்றால் அறிகுறி 6க்குப் போங்கள். வித்தி போடாத மியூக்கர் வகைகளுக்குத் தனி வழி உண்டு.

*எப்போது அனுப்புவது?* கிருமியற்ற இடத்து மாதிரி என்றால், உருளைக்கிழங்கு ஏகாரில் ஒரு வாரம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுங்கள், வித்தியில்லாததற்கு டி.என்.ஏ வரிசை பார்ப்பதுதான் வழி. புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி இயந்திரம் உள்ள இடங்களில் அதையும் முயலலாம். ஆனால் அதன் தரவுத்தளத்தில் இல்லாத பூஞ்சணத்துக்கு அது ஒன்றும் சொல்லாது, புள்ளி குறைந்த பெயரை அறிக்கையில் எழுதவும் கூடாது.

அறிகுறி 4: சிலைட்டில் எல்லாம் உதிர்ந்து கிடக்கிறது

தலை (வித்தி தாங்கும் நுனி) இருக்கும் இடத்தில் தலை இல்லை, கொனிடியா என்ற வித்திகள் மட்டும் மணலாகக் கிடக்கும். கொலனி மிக முற்றிவிட்டது, அல்லது ஊசியால் கிளறி எடுத்தீர்கள். செலோடேப் முறைக்கு வாருங்கள். தெளிந்த டேப் மட்டும்; எழுதக்கூடிய மங்கல் டேப் வேண்டாம், அதன் ஊடாக ஒன்றும் தெரியாது. கொலனியில் ஒரு தடவை தொட்டு எடுத்தால் போதும், அழுத்த வேண்டாம்.

குமிழிதான் தொல்லை என்றால், லக்டோபீனோல் நீலச் சாயத்துக்கு முன் ஒரு துளி மதுசாரம் விடுங்கள். அது காற்றைக் கலைத்துவிட்டு ஆவியாகிவிடும். நீலம் மிகக் கடுமையாக ஏறிச் சுவரின் நிறமே தெரியவில்லையா? கறுப்புப் பூஞ்சணத்தை நீலமில்லாமல் வெறும் லக்டோபீனோலில் பாருங்கள், அல்லது அதே கே.ஓ.எச்சில். இயற்கையான பழுப்பு அப்போதுதான் தெரியும்.

இதற்கும் அசையாவிட்டால் சிலைட் வளர்ப்பு. ஒரு சென்றிமீற்றர் சதுர ஏகார்த் துண்டு, நான்கு பக்கமும் சிறிது பூஞ்சணம், மேலே கவர்ஸ்லிப், அடியில் ஈரப் பஞ்சு. நான்காம் நாளிலிருந்து குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்துக்கொண்டே வந்து, தலைகள் தெரிந்ததும் கவர்ஸ்லிப்பைத் தூக்கி நீலத்தில் வையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள் என்று மேலே சொன்ன இரண்டுக்கும் இந்த சிலைட் வளர்ப்பைப் போட வேண்டாம்.

அறிகுறி 5: பச்சை, மஞ்சள், கறுப்புத் தூள்: அஸ்பர்ஜிலஸ்தான், ஆனால் எது?

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லும் ஆசை இங்கேதான் அதிகம் வரும். நிறம் ஊடகத்தோடும் வயதோடும் மாறும். தலையைப் பாருங்கள்.

முதல் கிளை: காம்பின் நுனியில் உருண்ட புடைப்பு இருக்கிறதா? இல்லாமல், காம்பு விளக்குமாறுபோல் பிரிந்து சங்கிலி சங்கிலியாகக் கொனிடியா நின்றால் பெனிசிலியம். அது பெரும்பாலும் மாசு. ஆனால் ஏகாருக்குள் சிவப்புச் சாயம் ஊறி, நோயாளி தாய்லாந்துப் பக்கம் போய்வந்தவர் அல்லது எச்.ஐ.வி உள்ளவர் என்றால் தாலரோமைசிஸ் மார்னபை நினைவுக்கு வர வேண்டும். சிவப்புச் சாயம் விடும் சாதுவான இனங்களும் பல உண்டு, ஆகவே சாயம் மட்டும் போதாது. 37 பாகையில் ஈஸ்ட் உருவுக்கு மாறுகிறதா என்பதே கேள்வி. அதை உங்கள் மேசையில் செய்து பார்க்காமல் அனுப்பிவிடுங்கள்.

புடைப்பு இருக்கிறது. சரி, குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள்.

நீலப்பச்சை அல்லது புகைப்பச்சை. காம்பு வழவழப்பு. புடைப்பு குடுவை வடிவம், அதன் மேல் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் ஒற்றை வரிசை முளைகள் (கொனிடியா பிறக்கும் கலங்கள்). அவை எல்லாமே மேல்நோக்கி வளைந்து ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்க, கொனிடியா ஒரு தூணாக எழும்பும். இது பியூமிகேட்டஸ். உறுதிப்படுத்த 45 பாகையில் வையுங்கள், சளைக்காமல் வளரும். நுனி பியூமிகேட்டஸ் போலவே இருந்தும் கொலனி வெள்ளையாக நின்று 48 பாகையில் வளர மறுத்தால், அது உருவத்தில் ஒத்த வேறு இனமாக இருக்கலாம். அவற்றில் சில அசோல் மருந்துகளுக்கு இலகுவில் அடங்காது. அனுப்புங்கள்.

மஞ்சள் பச்சை. முளைகள் புடைப்பின் எல்லாப் பக்கமும், ஒற்றையும் இரட்டையும் கலந்து. காம்பின் சுவர், முக்கியமாகப் புடைப்புக்குச் சற்றுக் கீழே, சொரசொரப்பு. வெளிச்சத்தைக் குறைத்து அங்கே பாருங்கள். பிளேவஸ்.

இலவங்கப்பட்டைப் பழுப்பு, இரட்டை வரிசை, இறுக்கமான தூண், ஏகாருக்குள் மூழ்கிய இழையின் பக்கங்களில் காம்பில்லாத உருண்டைக் கொனிடியா. டெரியஸ். இதை மட்டும் இனப்பெயரோடு உடனே அறிவிக்க வேண்டும், ஏனென்றால் அம்போடெரிசின் பி அதற்கு வேலை செய்யாது. 'அஸ்பர்ஜிலஸ் இனம்' என்று பொதுவாக எழுதிவிட்டால் நோயாளிக்குத் தவறான மருந்து ஓடிக்கொண்டிருக்கும்.

கறுப்புத் தூள், பின்பக்கம் வெளிர் நிறம். நைகர் கூட்டம். காதுக்குள்ளிருந்து வரும் மாதிரிகளில் கொழும்பில் சலிக்கச் சலிக்கப் பார்க்கலாம்.

கறுப்புத் தலை, ஆனால் இழை அகலம், பிரிசுவர் காணோம் என்றால் நில்லுங்கள். சின்செபலாஸ்ட்ரம் தூரத்தில் நைகர்போலவே தெரியும். புடைப்பைச் சுற்றி இருப்பவை முளைகள் அல்ல, வித்திகளை வரிசையாக அடைத்த குழாய்கள். அது மியூக்கர் வகை. பெரிய உருப்பெருக்கத்துக்கு மாறினாலே தெரிந்துவிடும். மாற்றாமல் விடுவதால்தான் பிழை.

ஊதா கலந்த இளஞ்சிவப்பு, நீண்டு ஒடுங்கும் முளைகள்: பர்ப்யூரியோசிலியம். கண் மாதிரியில் வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள்.

அறிகுறி 6: ஓரிரு நாளிலேயே மூடியைத் தொட்டுவிட்டது

சாம்பல் பஞ்சு பிளேட்டை நிரப்பி மூடியை முட்டினால் மியூக்கர் வகையறா. பெயர் தேடுவதற்கு முன் மாதிரி எதுவென்று பாருங்கள். நீரிழிவு நோயாளியின் மூக்குக்குழி, அல்லது கறுத்துப்போன இழையம் என்றால், கே.ஓ.எச்சில் அகன்ற, நாடாப்போல் மடிந்த, பிரிசுவரில்லாத இழையைக் கண்ட கணமே வைத்தியரை அழைத்திருக்க வேண்டும். அந்த அழைப்பு கொழும்பில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ போகும், சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான்: "டொக்டர், மியூக்கர் போலத் தெரிகிறது, சத்திரசிகிச்சைக் குழுவுக்குச் சொல்லுங்கள்." இனம் எதுவென்பது வைத்தியத்தின் முதல் நாளை மாற்றாது.

பிறகு ஆறுதலாக இனம் பார்க்கலாம். மூடியைத் திறக்காமல் பிளேட்டைக் கவிழ்த்து, குறைந்த உருப்பெருக்கத்தில் ஓரத்தைப் பாருங்கள். ரைசோபஸ் ஏகாரைவிட்டு எழும்பி, வளைந்து போய், பிளேட்டின் சுவரைத் தொடும் இடத்தில் பழுப்பு வேர்ப்போலிகளை விரித்து நிற்கும். அதே முடிச்சிலிருந்து நேர் எதிரே கிளையில்லாக் காம்புகள் இரண்டு மூன்று புறப்படும், நுனியில் கறுத்த உருண்டை வித்திக்கலன். டேப் எடுத்தால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

காம்பு வேர்ப்போலிக்கு எதிரே இல்லாமல் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே, கிளைத்து, வித்திக்கலன் கழுத்தில் கூம்பாக ஒடுங்கினால் லிக்தீமியா. வேர்ப்போலியே இல்லை, கிளைவிட்ட காம்பு, கழுத்தில் கூம்பு இல்லை என்றால் மியூக்கர் என்ற பேரினமே. 37 பாகையில் தயங்கித் தயங்கி வளர்வதும் மியூக்கருக்கு ஒரு குறிப்பு; ரைசோபஸும் லிக்தீமியாவும் தயங்காது.

வேகமாக வளர்ந்தும் வித்திக்கலனே இல்லையா? மண் கலந்த காயமா என்று கேளுங்கள். 2004 சுனாமியில் இலங்கையில் காயப்பட்டு அவுஸ்திரேலியாவில் சிகிச்சை பெற்ற ஒருவரின் காயத்திலிருந்து வந்தது அப்போபைசோமைசிஸ் எலிகன்ஸ். அதுவும் சக்சீனியாவும் சாதாரண ஊடகத்தில் வித்தி போடாது. ஏகாரோடு ஒரு சதுரத் துண்டை வெட்டி, 20 மில்லிலீற்றர் கிருமியழித்த நீரில் 10 வீத ஈஸ்ட் சாறு 0.2 மில்லிலீற்றர் கலந்து, அதில் மிதக்கவிட்டு 37 பாகையில் ஒரு வாரமளவு வையுங்கள். வித்தி வந்தால் நல்லது. நோயாளியின் நிலை மோசம் என்றால் இதற்குக் காத்திருக்காமல் துணை வளர்ப்பை அன்றே அனுப்புங்கள்.

மாறாக, சளியில் ஒரே ஒரு தடவை, நேரடிப் பார்வையில் இழை இல்லாமல் வந்த ரைசோபஸ் பெரும்பாலும் காற்றில் வந்தது. ஆனால் அந்த முடிவு நோயாளியின் நிலையைப் பொறுத்தது, அதை நிபுணரிடம் விடுங்கள்.

அறிகுறி 7: பின்பக்கமும் கறுப்பு

தூள் மட்டும் கறுப்பு என்றால் நைகர். பிளேட்டைத் திருப்பினால் அடியும் கறுப்பு என்றால் இழையிலேயே மெலனின் இருக்கிறது.

கொனிடியா வளைந்து, நடுக்கலம் பெருத்திருந்தால் கேர்வியூலேரியா. குறுக்கும் நெடுக்குமாகப் பிரிசுவர்கள், மூக்கு நீண்டு சங்கிலியாக நின்றால் ஆல்டர்நேரியா. கிளைவிட்ட சங்கிலிகள், அடியில் கேடய வடிவக் கலங்கள், 37 பாகையில் வளரத் தயக்கம் என்றால் கிளாடோஸ்போரியம், காற்றில் எப்போதும் இருப்பது.

நீண்ட, அதிகம் கிளைக்காத சங்கிலிகள், கேடயக் கலம் இல்லை, 40 பாகையிலும் வளர்கிறது என்றால் கிளாடோபியலோபோரா பன்டியானா. மூளைச் சீழ்க்கட்டிக்குப் பெயர்போனது, மேலே மூடச் சொன்னது இதற்காகத்தான். மூளை மாதிரி என்றால் இந்தச் சோதனைகளை நீங்கள் செய்ய வேண்டாம்.

காலில் பல வருடமாக இருக்கும் பருத்த புண்ணின் செதிலில், கே.ஓ.எச்சில் தடித்த சுவருள்ள செம்பழுப்புக் கலங்கள் நடுவில் குறுக்குக் கோட்டோடு தெரிந்தால் நோய் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ். வளர்ப்பு நான்கு வாரம் எடுக்கும். அறிக்கையை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

அறிகுறி 8: இரத்தப் போத்தலில் ஈஸ்ட், பிளேட்டில் பஞ்சு

கிராம் சாயத்தில் ஈஸ்ட் என்று அறிவித்தாகிவிட்டது, மறுநாள் பிளேட்டில் பூஞ்சணம். பழைய கிராம் சிலைட்டை எடுத்து மறுபடி பாருங்கள்: நீண்ட கலங்களோடு உண்மையான இழைத் துண்டுகளும் இருக்கும். பியூசேரியம் இரத்தத்தில் கொனிடியா போட்டே சுற்றும், அதனால்தான் போத்தலில் இலகுவாக வரும். அஸ்பர்ஜிலஸ் போத்தலில் வருவது அரிது, வந்தால் முதலில் மாசைச் சந்தேகியுங்கள்.

உருளைக்கிழங்கு ஏகாரில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா, பல அறைகள் கொண்ட பிறை வடிவக் கொனிடியா வந்தால் பியூசேரியம். சின்னக் கொனிடியா மட்டும் இருந்தால் அக்ரிமோனியம் என்ற வேறு பூஞ்சணமாக எழுதிவிடாமல் பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். மருந்து வைத்தியர் உடனே மாற்ற வேண்டியிருக்கும், ஆகவே இழை கண்டதும் அழைப்பு. புற்றுநோய் வார்ட் என்றால் இன்னும் விரைவாக.

அறிகுறி 9: படைக்கு டெர்பினபின் மருந்து கொடுத்தும் அடங்கவில்லை

ட்ரைகோபைட்டன் ரூப்ரமா, மென்டாகுரோபைட்டிஸா என்று முதலில் பிரியுங்கள். யூரியா ஊடகம் ஏழு நாளுக்குள் நன்றாகச் சிவந்தால் மென்டாகுரோபைட்டிஸ் பக்கம். உருளைக்கிழங்கு ஏகாரின் அடிப்பக்கம் வைன் சிவப்பு என்றால் ரூப்ரம் பக்கம். சுருள் இழை கண்டால் மென்டாகுரோபைட்டிஸ்.

இதற்கு மேல் கண்ணால் போக வழியில்லை. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பரவி, டெர்பினபினுக்கு அடங்காத ட்ரைகோபைட்டன் இன்டோடினியே 2020இல்தான் தனி இனமாகப் பெயர் பெற்றது. நுணுக்குக்காட்டியில் அதையும் மென்டாகுரோபைட்டிஸையும் பிரிக்க முடியாது. 'மென்டாகுரோபைட்டிஸ் கூட்டம்' என்று எழுதி, சிகிச்சைக்கு அடங்காதது என்ற குறிப்போடு வரிசை பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள்.

அனுப்புவது

பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பங்கசுப் பிரிவுதான் நாட்டின் உசாத்துணை ஆய்வுகூடம். எம்.ஆர்.ஐ என்றால் எல்லோருக்கும் புரியும். பிளேட்டாக அனுப்பாதீர்கள், திருகுமூடிக் குழாயில் சரிவாக வளர்த்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, உறிஞ்சும் தாளோடு இரண்டாவது கசியாப் பெட்டிக்குள், அதற்கு வெளியே மூன்றாவது. முச்சக்கர வண்டியில் கையில் பிடித்துக்கொண்டு போகும் வேலை வேண்டாம். இரட்டை உருப் பூஞ்சணம் (ஹிஸ்டோபிளாஸ்மா, தாலரோமைசிஸ் மார்னபை போல வெப்பநிலைக்கேற்ப உரு மாறுவது) என்ற சந்தேகம் இருந்தால் குழாயிலும் படிவத்திலும் கொட்டை எழுத்தில் எழுதி, புறப்படும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள்.

படிவத்தில் வயதும் வார்ட் இலக்கமும் மட்டும் போதாது. மாதிரி எடுத்த இடம், நேரடிப் பார்வையில் கண்டது, எந்த ஊடகத்தில் எத்தனை நாளில் வந்தது, கொடுத்த மருந்து, நோயாளியின் தொழில், பயணம் எல்லாம் வேண்டும். 'பூஞ்சணம், பெயர் தேவை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அவர்களும் முதலாம் அறிகுறியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். நீண்ட விடுமுறைக்கு முந்திய பின்னேரம் அனுப்பாதீர்கள், போயாவும் (பௌர்ணமி விடுமுறை) ஞாயிறும் சேர்ந்தால் குழாய் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அதே வளர்ப்பின் இன்னொரு சரிவை, அறிக்கை கைக்கு வரும்வரை உங்கள் குளிர்சாதனப்பெட்டியில் வைத்திருங்கள்.